பித்தளைக் கழுத்து

என் மேஜை மேல் ஒரு பித்தளைக் குழல் கிடக்கிறது. நீளம் என் சுண்டுவிரல் அளவு, பருமன் பென்சிலை விடக் குறைவு. ஒரு முனையில் உள்ளே திருகு மரை, இன்னொரு முனையில் வெளியே மரை, நடுவில் முனைக்கு முனை ஒரு மெல்லிய துளை. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதை எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது இன்னா சார், கேஸ் அடுப்பு பார்ட்டா?" என்று கேட்பார்கள். பந்தய சைக்கிள் சக்கரத்துக்காக நான் கடைந்தது என்று சொல்வேன். 'நான்' என்ற சொல்லில் கொஞ்சம் அழுத்தம் விழும், அதை மறைக்கப் போவதில்லை. கண் கூர்மையானவர்கள் அடுத்த கேள்விக்குப் போவார்கள்: விளிம்பைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு ஓடுகிறதே, அது என்ன? பாலிஷ் கறை என்பேன். பல வருடங்களாக அப்படித்தான் சொல்லி வந்தேன்.

தொண்ணூறுகளில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். தையல் மெஷின், தோல் வெட்டும் பிரஸ், கம்ப்ரஸர், காற்றுக் குழாய் என்று ஓடுகிறது எல்லாமே என் பொறுப்பு. என் கை பட்டால் ஓடாத மெஷின் கிடையாது என்று எனக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைப் பரப்பியதில் என் பங்கு கணிசமானது. தப்பு என்று ஒன்று நடந்தால் அது மின்சாரத்தால் நடக்கும், மட்டமான பேரிங்கால் நடக்கும், ஆபரேட்டரின் அவசரத்தால் நடக்கும். என்னால் நடந்ததாகச் சரித்திரம் இல்லை. இதை நான் பொய்யாகச் சொல்லவில்லை, அப்போது அப்படித்தான் மனப்பூர்வமாக நம்பினேன்.

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஷூவின் அடிப்பாகத்தை மேல்தோலோடு ஒட்டுகிற மஞ்சள் பசைக்கு எங்களிடம் சொல்யூஷன் என்று பெயர். கம்பெனியில் டின் டின்னாக இருக்கும், ஆளுக்கொரு பிரஷ் இருக்கும், நாள் முழுக்க அதன் வாசம்தான். ஆம்பூரில் பிய்ந்த செருப்புக்கும் அதுதான், குடைக் கிழிசலுக்கும் அதுதான், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைக்கும் அதுதான். எங்கள் தெருவில் ஒருவர் ஸ்கூட்டர் சீட்டையே அதனால் வாழ வைத்துக்கொண்டிருந்தார். கத்தி பட்டு விரல் கீறிக்கொண்டால் அதன் மேலும் ஒரு சொட்டு வைத்து, ஊதிவிட்டு, வேலையைத் தொடர்வோம். டாக்டர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்பது எங்களுக்கும் தெரியும், அதனால் டாக்டர்களிடம் சொல்ல மாட்டோம்.

என் மேஜைக் குழலுக்குக் காரணமான சிஸ்டரை நான் முதலில் பார்த்தது அந்தச் சொட்டு சரிப்படாத ஒரு நாளில். பிரஸ்ஸில் சிக்கி என் ஆள்காட்டி விரல் நன்றாகவே கிழிந்திருந்தது. வழக்கமான வைத்தியத்தைச் செய்துவிட்டு இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் விரல் வாழைப்பழம் போல வீங்கியதும் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காயம் கட்டும் அறையில் இருந்த நர்ஸ் ஐந்தடிக்கு ஒரு விரல் கம்மி, ஒல்லி, வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன போட்டீங்க?" என்றார். "ஒண்ணும் போடல சிஸ்டர். தண்ணியில கழுவினேன், அவ்ளோதான்" என்றேன். அவர் வளைந்த மூக்குள்ள ஒரு சின்ன இடுக்கியை எடுத்து, காயத்தின் ஓரத்திலிருந்து ஒரு மஞ்சள் ஏட்டை மெல்ல உரித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "ஆம்பூர் தண்ணி இவ்ளோ மஞ்சளா அண்ணா?" என்றார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் சிரித்ததில் அவருக்குத் தையல் பிரிந்திருக்கும். உரித்து முடிக்க அரை மணி ஆயிற்று. கட்டுப் போட்டுவிட்டு, கோபமில்லாத குரலில் ஒன்று சொன்னார்: "நீங்க என்ன போட்டீங்கன்னு சொன்னாதான் நாங்க என்ன போடணும்னு தெரியும். இங்க வந்து கௌரவம் பாக்காதீங்க."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அடுத்த கட்டுக்குப் போன அன்று ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் அதே சிஸ்டர் வெள்ளை யூனிஃபார்மோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கியர் சைக்கிளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தேன். செயின் பல் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது. ஒற்றைக் கையால் நான் அதைச் சரி செய்து கொடுத்தபோது இழந்த மானத்தில் பாதி திரும்பி வந்தது. அவர் நெமிலிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். பஸ் வராத ஊரிலிருந்து தினமும் எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனவர். நர்ஸிங் படிக்க வேலூர் வந்த பிறகும் மிதிப்பதை விடவில்லை. மாவட்டப் பந்தயத்தில் ஜெயித்து, மாநிலப் பந்தயம் வரை போய்க்கொண்டிருந்தார். சைக்கிளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றார். எனக்குப் பந்தய சைக்கிள் பற்றி அப்போது ஒன்றும் தெரியாது. "இனிமே நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிடத்திலிருந்து வேலூர் ஜில்லாவிலேயே பெரிய பந்தய சைக்கிள் மெக்கானிக் நான்தான் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன்.

சொன்னபடி பார்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேரிங்குகளைக் கழற்றிக் கம்பெனி கிரீஸ் போட்டேன். சீட்டின் உயரத்தை அவர் முழங்கால் வலி போகும் வரை நூல் நூலாக மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஹைவேயில் பள்ளிகொண்டா வரை போய்த் திரும்புவார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போய் நேரம் பார்ப்பேன். அவருடைய பந்தயம் ஒவ்வொருவராகத் தனியாக விட்டு நேரம் பார்க்கிற பந்தயம். பக்கத்தில் ஆள் கிடையாது, முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிய முடியாது. காற்றும் நாமும்தான். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடத்தில் அவர் மாநிலத்தில் நாலாவதாக வந்தார். மூன்று பேரைத்தான் மாநில அணிக்கு எடுப்பார்கள். மூன்றாவதுக்கும் அவருக்கும் இடையே ஒரு தும்மல் போடும் நேரம்தான். அடுத்த வருடத்துக்கு லீவு கேட்டபோது ஆஸ்பத்திரி மேட்ரன், "இதுதான் கடைசி, அப்புறம் கேக்கக் கூடாது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம். ஆக, ஒரே ஒரு பந்தயம் பாக்கி. அதில் மூன்றுக்குள் வர வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் சக்கரம் வந்தது. கம்பெனியில் புது மெஷின்களை நிறுவ இத்தாலியிலிருந்து வந்திருந்த டெக்னீஷியன் ஒருவர் சைக்கிள் பைத்தியம். சாயங்காலம் ஆனால் ஏலகிரி அடிவாரம் வரை போய் வருவார். ஊருக்குத் திரும்பும்போது மூட்டை கனமாகிவிட்டதென்று ஒரு ஜோடிச் சக்கரத்தையும், மீட்டர் வைத்த ஒரு பம்பையும் என்னிடம் விட்டுப் போனார். சாதாரண சைக்கிளின் ரிம் ஒரு விரல் உயரம் இருக்கும். இதில் ரிம்மே மூன்று விரல் உயரம், கத்தி போல் முன்னால் குறுகியது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். டயரும் வேறு மாதிரி: டியூபை உள்ளே வைத்து டயரையே ஷூவைப் போல மூடித் தைத்திருப்பார்கள், தைத்ததை ரிம்மின் மேல் பசை தடவி ஒட்ட வேண்டும். ஒட்டுகிற வேலையை ஆம்பூர்க்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? நம்முடைய சொல்யூஷனையே தடவி ஒட்டினேன். யானை இழுத்தாலும் வராது. இத்தாலிக்காரர் கிளம்புவதற்கு முன் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

சிக்கல் வால்வில் இருந்தது. எங்களுக்குக் கிடைத்த டயர்களில் வால்வு குட்டை, ரிம்மோ உயரம். வால்வின் தலை ரிம்முக்குள்ளேயே முங்கிக் கிடக்கும், பம்பு எட்டாது. அதற்காக வால்வின் தலையில் திருகி மாட்டுகிற ஒரு நீட்டுக் குழல் உண்டு, எக்ஸ்டென்ஷன் என்பார்கள். இத்தாலிக்காரர் தன்னுடையதைக் கழற்றிக் கொண்டு போய்விட்டார். வேலூரில் கேட்டேன், மெட்ராஸில் கேட்டேன், அப்படி ஒரு சாமானைப் பற்றி யாரும் கேள்விப்பட்டதே இல்லை. நானே கடைந்துவிடுகிறேன் என்றேன். பித்தளைக் கம்பியைக் கம்பெனிப் பட்டறை லேத்தில் மாட்டி இரண்டு குழல் கடைந்தேன். பட்டறையில் அதற்குக் கழுத்து என்று பெயர் வைத்தோம். அந்த வால்வின் மரை ஒரு தினுசான மரை, அதற்குரிய கருவி என்னிடம் இல்லை. இருப்பதில் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றை வைத்து வெட்டினேன். முதல் கழுத்து கொஞ்சம் தொளதொளவென்று வந்தது. இரண்டாவது கச்சிதமாக வந்தது. முதலாவதை மறுபடி கடைந்திருக்கலாம். நான் கடைந்ததை நானே தள்ளுபடி செய்வதா?

பந்தயத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் சிஸ்டர் பட்டறைக்கு வந்துவிட்டார். வால்வின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் திறந்து வைத்தால்தான் காற்று உள்ளே போகும். கழுத்தை மாட்டிய பிறகு அதைத் தொட முடியாது, அதனால் முதலிலேயே முழுக்கத் திறந்துவிட வேண்டும். இதையெல்லாம் நான் சரியாகத்தான் செய்தேன். நல்ல கழுத்தைப் பின் சக்கரத்தில் மாட்டினேன், பம்பு அடித்தேன், சத்தமே இல்லாமல் ஏறிற்று. தொளதொளத்ததை முன் சக்கரத்தில் மாட்டி அடித்தேன். அடிக்கிற ஒவ்வொரு தடவையும் மரை வழியாக ஸ்ஸ் என்று ஒரு சத்தம். மரைக்குச் சுற்றுகிற டெஃப்லான் டேப்பைச் சுற்றினேன். ஸ்ஸ். இன்னும் இரண்டு சுற்று. ஸ்ஸ். சிஸ்டர் குனிந்து, "ஏதோ கத்துதே அண்ணா?" என்றார். எனக்குக் காது சிவந்துவிட்டது. "நீங்க போய் டீ சாப்ட்டு வாங்க, முடிச்சி வைக்கிறேன்" என்று தையல் செக்ஷன் பெண்களோடு அனுப்பி வைத்தேன்.

அவர் தலை மறைந்ததும் கை தானாக டின்னைத் தேடிப் போயிற்று. யோசித்தெல்லாம் செய்யவில்லை. ஆம்பூரில் யாரும் சொல்யூஷனை யோசித்துப் போடுவதில்லை. மரையில் தாராளமாகத் தடவி, கழுத்தைத் திருகி, உடனே பம்பு அடித்தேன். சத்தம் செத்துப்போயிற்று. சிஸ்டர் திரும்பி வந்ததும், "இப்ப காது வெச்சிக் கேளுங்க" என்றேன். கேட்டார். டயரை அமுக்கினார், கல் மாதிரி இருந்தது. "சூப்பர் அண்ணா" என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

பந்தயம் காவேரிப்பாக்கத்தில், ஏரியை ஒட்டிய சாலையில். மறுநாள் விடியற்காலை சென்னைக்கு ஷூ அட்டைப் பெட்டிகளோடு போகிற கம்பெனி வேனில் சைக்கிளைப் படுக்க வைத்து நானும் ஏறிக்கொண்டேன். சிஸ்டர் வேலூரில் ஏறினார். போய் இறங்கும்போது நன்றாக விடிந்துவிட்டது. ஏரிப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. அவருக்கு ஏழு இருபதுக்குப் புறப்பாடு. நிமிடத்துக்கு ஒருவராக விடுவார்கள். நம்முடைய நிமிடத்தில் நாம் கோட்டில் இல்லையென்றால் கடிகாரம் நம்மை விட்டுவிட்டு ஓடத் தொடங்கிவிடும். இந்த மாதிரி டயர்களின் டியூப் மெல்லிசு, ஒரு ராத்திரியில் தானாகவே காற்று இறங்கும். பந்தயக் காலையில் திரும்ப அடித்துத்தான் ஆக வேண்டும். டீக்கடை ஓரமாக சைக்கிளைச் சாய்த்துப் பின் சக்கரத்துக்கு அடித்தேன், ஏறிற்று. முன் சக்கரத்துக்குப் பம்பை மாட்டி இரண்டு அடி அடித்தேன். மீட்டர் முள் எகிறி உச்சிக்குப் போய்விட்டது. டயரைத் தொட்டால் பஞ்சு.

மீட்டர் கெட்டுவிட்டது என்றேன். பம்பைக் கழற்றி மாட்டினேன். மறுபடி இரண்டே அடியில் முள் உச்சியில், டயர் அப்படியே. வேன் குலுங்கியதில் ஏதோ ஆகியிருக்கும் என்றேன். டியூபே மட்டமான டியூப், அப்போதே நினைத்தேன் என்றேன். மணி ஆறு ஐம்பது. பழைய சக்கரம் ஆம்பூரில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. வந்திருந்த மற்ற பெண்கள் எல்லாம் அவரவர் சக்கரத்தின் மேல் இருந்தார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்ரன் இதுதான் கடைசி என்று சொல்லியிருந்தார். நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

சிஸ்டர் பம்பின் கைப்பிடியைத் தானே பிடித்து ஒரு தடவை மெல்ல அமுக்கிப் பார்த்தார். "ரெண்டு அடியில ஏறுதுன்னா காத்து டயருக்குப் போகல. குழாயிலயே நிக்குது. டிரிப்ஸ் ஊசி அடைச்சிக்கிட்டா இப்டிதான் இருக்கும்" என்றார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "அண்ணா. என்ன போட்டீங்க?"

அந்தக் கேள்வி இதற்கு முன் எங்கே என் காதில் விழுந்தது என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. வாயில் 'ஒண்ணும் போடல' தயாராக இருந்தது, நாக்கின் நுனியில் உட்கார்ந்திருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்க மாட்டார், ஆனால் வேறு வழியும் இருந்திருக்காது. டியூப் கோளாறு என்று முடிவாகி, பஞ்சு டயரோடு அவர் கோட்டுக்குப் போயிருப்பார். என் பேர் பிழைத்திருக்கும். அவர் வெயிலிலும் காற்றிலும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை மிதித்தார் என்று ஸ்கூட்டரில் பின்னால் போய்ப் பார்த்தவன் நான். "சொல்யூஷன்" என்றேன். "மரையில போட்டேன். கத்துச்சுன்னு போட்டேன்." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "அது எப்டி இளகும்?" என்றார், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் எனக்கு உயிர் வந்தது, ஏனென்றால் அதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஷூ அடிப்பாகத்தை ஒட்டும் முன் காய்ந்த சொல்யூஷனைச் சூட்டுப் பெட்டியில் வைத்து இளக்குவது எங்கள் கம்பெனியில் தினம் நடக்கிற வேலை. "சூடு" என்றேன். அவர் ஏற்கெனவே டீக்கடைப் பக்கம் திரும்பியிருந்தார். கடைக்காரர் கொதிக்கிற வெந்நீரை இரண்டு கிளாஸில் ஊற்றித் தந்தார். சக்கரத்தைச் சுழற்றி வால்வை மேலே கொண்டுவந்தோம், கழுத்து கீழ்நோக்கித் தொங்கியது. கம்பிகளுக்கு இடையே கிளாஸைத் தூக்கிப் பிடித்து அதை வெந்நீரில் முங்க வைத்தேன். என் விரல் வெந்தது, வேகட்டும் என்று விட்டேன். பித்தளை சூட்டை வாங்கி உள்ளே கொண்டுபோயிற்று. இரண்டாவது கிளாஸில் குறடு போட்டுத் திருகினேன், வெண்ணெயில் கத்தி போனது போலக் கழன்று வந்துவிட்டது.

கழுத்து வந்தது, ஆனால் வால்வு ரிம்முக்குள் முங்கிக் கிடக்கிறது, அதன் தலையில் ஒரு மஞ்சள் உருண்டை. சாயங்காலம் ஈரமாக இருந்த பசை வழிந்து, ராத்திரி முழுக்கக் காய்ந்து, வால்வின் ஊசியை ஒட்டி வைத்திருந்தது. என் விரல் அந்தத் துளைக்குள் போகாது. சிஸ்டர் தன் பையிலிருந்து அந்த வளைந்த மூக்கு இடுக்கியை எடுத்தார். பந்தயத்தில் விழுந்து வாரிக்கொள்ளும் பெண்களுக்காக எப்போதும் வைத்திருப்பாராம். துளைக்குள் விட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மஞ்சள் ஏட்டை ஓரத்திலிருந்து உரித்தார். "உங்க விரல்ல வந்த மாதிரியே வருது பாருங்க" என்றார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தார். ஊசியை ஒரு தட்டுத் தட்டினார். புஸ் என்று கொஞ்சம் காற்று வெளியே வந்தது. என் வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல சத்தங்களில் அது ஒன்று.

டெஃப்லான் டேப் ஆம்பூரில் இருந்தது. ஆனால் என் சட்டைப் பையில் தையல் செக்ஷனின் மெழுகு நூல் ஒரு சின்னக் கண்டு எப்போதும் இருக்கும். அதில் ஒரு முழம் வெட்டி இடுக்கியின் மூக்கில் கொடுத்தேன். வால்வின் மரையில் அவர் சுற்றினார், எந்தப் பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று நான் சொன்னேன். கழுத்தைத் திருகிப் பம்பு அடித்தேன். டயர் ஏறிற்று. ஸ்ஸ் என்ற சத்தமும் வந்தது. முன்னைவிடக் கம்மி, ஆனாலும் வந்தது. என் கை மறுபடி கழுத்தின் மேல் போயிற்று, இன்னும் இரண்டு சுற்று நூல் போட்டால் நின்றுவிடும். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "கத்தட்டும் விடுங்கண்ணா. காத்து உள்ள போவுதில்ல, அது போதும்." ஏழு பத்து. அடித்து முடித்துப் பம்பைக் கழற்றினேன். உள்ளே இருந்த காற்று ஊசியைத் தள்ளி வால்வை மூடிக்கொண்டது, சத்தம் அடங்கிவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்தச் சத்தம் பம்பு அடிக்கும்போது மட்டும்தான். டயரில் இருக்கும் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முந்தின நாளே அதைக் கத்த விட்டிருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. கெடுதல் என் கௌரவத்துக்கு மட்டும்தான்.

அவர் கோட்டுக்குப் போய்ச் சேரும்போது ஒரு நிமிடம் பாக்கி இருந்தது. ஏரிக் காற்று உயரமான ரிம்மைப் பக்கவாட்டில் தள்ளும், அவருடைய ஒல்லி உடம்புக்குச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவதே பெரிய வேலை. முதல் வளைவில் ஒரு தடவை ஆடினார், நிமிர்ந்தார், போய்விட்டார். திரும்பி வரும் வரை நான் டீக்கடை பெஞ்சில் உட்காரவில்லை. கடைசிப் பெண் வந்து சேர்ந்து, அதிகாரி பேப்பரைப் பார்த்து வாசித்தபோது மூன்றாவது பேர் சிஸ்டருடையது. அவர் சாலையோரம் சைக்கிளைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், வெந்நீர் பட்ட விரல் எரிகிறது என்று டீக்கடைக்காரரிடம் சொன்னேன்.

அதன் பிறகு நடந்தது எனக்குப் பெருமை தரக்கூடியதில்லை. சக்கரத்தைச் சுற்றிக் கூட்டம் கூடியது. காலையில் என்னவோ பிரச்சினையாமே என்று யாரோ கேட்டார்கள். "டியூப் கோளாறு. அஞ்சு நிமிஷத்துல ரெடி பண்ணிட்டேன்" என்றேன். சிஸ்டர் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றார். என் ஆள்காட்டி விரலில் இருந்த பழைய தழும்பை ஒரு தடவை பார்த்துவிட்டு டீயைக் குடித்து முடித்தார். கம்பெனியிலும் அதே கதையைத்தான் சொன்னேன். முதலாளி என் முதுகில் தட்டினார். தேசியப் பந்தயத்தில் சிஸ்டர் முதல் பத்துக்குள் வந்துவிட்டு, சந்தோஷமாகவே சைக்கிளை நிறுத்தினார். சில வருடம் கழித்து வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. சக்கரங்களை மாவட்டத்தில் அடுத்து மிதிக்க வந்த ஒரு பெண்ணுக்கு, நீட்டு வால்வு டயரோடு கொடுத்தோம். இரண்டு கழுத்துகள் மிஞ்சின. கிளம்புவதற்கு முன் வீட்டுக்கு வந்தவர், நல்லதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, மற்றதை என் உள்ளங்கையில் வைத்தார். "இது உங்களுக்குத்தான். மஞ்சளா இருக்கே என்னன்னு யாராவது கேட்டா, எங்கிட்ட சொன்ன மாதிரி சொல்லிடுங்க." சரி என்றேன். கேட்டவர்களிடம் பாலிஷ் கறை என்றேன்.

இப்போதெல்லாம் இந்தச் சாமான் கலர் கலராகக் கூரியரில் வருகிறது. மரை அச்சு அசலாகப் பொருந்துகிறது, நான் கடைந்ததை விட நன்றாகவே இருக்கிறது, அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. சக்கரம் பார்த்துத் தரச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள். போன மாதம் வந்தவர் மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் டேனரி வைத்திருக்கும் ஒரு பாய். ஐம்பது வயதிருக்கும். சர்க்கரை ஜாஸ்தி, சைக்கிள் மிதி என்று டாக்டர் சொன்னதற்கு, நேராகப் போய் உயரமான ரிம் வைத்த சக்கரமாக வாங்கிவிட்டார். முன் சக்கரத்துக்குக் காற்று ஏறவில்லை, பேஜாரா இருக்கு என்றார். பம்பை மாட்டி இரண்டு அடி அடித்தேன். முள் உச்சிக்குப் போயிற்று. குனிந்து பார்த்தேன். துளையின் ஓரத்தில், கடுகளவு, மஞ்சள்.

"இன்னா போட்டீங்க பாய்?" என்றேன்.

"ஒண்ணும் போடல சார். வாங்கனப்ப எப்டி இருந்திச்சோ அப்டியேதான் இருக்குது" என்றார். முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டிருந்தார். நூறு பேருக்கு வேலை கொடுக்கிறவர், என் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கம்பீரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேல்விஷாரம் தண்ணியும் இவ்வளவு மஞ்சளா என்று கேட்க வாய் துடித்தது. கேட்டிருந்தால் ஜோராக இருந்திருக்கும். ஆனால் இந்தச் சிரிப்புக்கு உரிமை உள்ளவர் ஒருத்தர்தான், அவர் கடல் தாண்டி இருக்கிறார். அவரிடமிருந்து வாங்கிய ஒரு வேலை என்னிடம் செய்யாமல் பாக்கி இருந்தது.

மேஜைக்குப் போய்ப் பித்தளைக் கழுத்தை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். "இந்த மஞ்சக் கோடு இன்னா தெரியுமா பாய்? சொல்யூஷன். நான்தான் போட்டேன். ஸ்ஸுன்னு கத்திச்சு, மானம் போவுதேன்னு போட்டேன். ஒரு பொண்ணோட பந்தயமே போயிருக்கும்."

அவர் அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். நகத்தால் கோட்டைச் சுரண்டிப் பார்த்தார். தோல்காரர், தொட்டாலே தெரியும். ஸ்டூலில் தளர்ந்து உட்கார்ந்து, "ஒரே ஒரு சொட்டுதான் சார் போட்டேன்" என்றார்.

கழுத்தை வாங்கி, மஞ்சள் கோடு மேலே தெரியும்படி மேஜையில் வைத்தேன். வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, வெந்நீர் வைக்கச் சொன்னேன்.